சனிக்கிழமைதோறும் செத்த பெரியம்மை

எழுத்து எனக்குக் கைவந்த காரியமில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எழுதினதெல்லாம் ரேஷன் கடையிலும் சபையிலும் போட்ட கையெழுத்துத்தான். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓர்மையும் பழையபடி இல்லை. ஒரு காரியம் தெளிவாக நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் இருந்த காரியம் காணாமல் போய்விடுகிறது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள் ஆனதால், எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்களே என்று தைரியப்பட்டு எழுதுகிறேன்.

கேரளத்து எல்லைக்குள்ளே, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு அண்டியாபீஸ் இருந்தது. முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கிற பாக்டரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். ஆபீஸ் என்று பேரே தவிர, நாற்காலி மானேஜருக்கு மட்டும்தான். நாங்கள் தரையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்போம். வறுத்து உடைத்துக் காயவைத்த பருப்பின்மேல் சிவப்பாக ஒரு தொலி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தியால், பருப்பு உடையாமல் சுரண்டி எடுப்பது எங்கள் கொட்டகையின், செட்டு என்று சொல்லுவோம், வேலை. பருப்பு உடைந்தால் மேஸ்திரியின் முகமும் உடைந்துபோகும். ஒரு முழுப்பருப்பை வாயில் போட்டுவிட்டாலோ, அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வேலை நேரத்தில் பேசக்கூடாது, பாடலாம். பேசினால் கை நிற்கும், பாடினால் கை ஓடும் என்பது மேஸ்திரியின் கண்டுபிடிப்பு. அதனால் காலையிலிருந்து பாட்டுத்தான். முன்வரிசை ஒரு அடியை எடுத்தால் அடுத்த வரிசை அடுத்த அடியை வாங்கும். அப்படியே பின்வரிசைவரை போய்ச் சுற்றி வரும். முதலில் எல்லாம் கோயில் பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பின்வரிசை. எங்கள் முறை வரும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். எனக்கும் சேர்த்துப் பக்கத்தில் இருந்த அமரவிளைக்காரி பாடிவிடுவாள். அவளுக்கு நாலு பேருக்கு உள்ள தொண்டை.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், எந்த வருஷம் என்று சொல்லத் தெரியவில்லை, கேசட் பாட்டு ஒன்று வந்தது. திருவிழாவிலும் பெருநாளிலும் பாடுகிற நம்ம பக்கத்து ஆட்கள் யாரோ பாடியது. ஓர்மையில் நிற்கிறவரை இப்படி:

திங்களாழ்ச்சை கஞ்சி குடிச்சா,
செவ்வாயாழ்ச்சை சந்தைக்குப் போனா,
வெள்ளியாழ்ச்சை விக்கல் எடுத்து
சனியாழ்ச்சை செத்துப் போனா –
திருப்புறத்துப் பெரியம்மை!
லீவு தாரும் மேஸ்திரியே, லீவு தாரும்!

கதை இவ்வளவுதான். வேலைக்காரன் ஒருத்தன் சனிக்கிழமையானால் திருப்புறத்துப் பெரியம்மை, அம்மையின் அக்காள், செத்துவிட்டாள் என்று அழுதுகொண்டே லீவு வாங்குவான். வாங்கினதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூவாற்றுக்குப் போய், ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் காற்று வாங்கி, மரச்சீனிக் கிழங்கும் பொரித்த மீனும் தின்று, ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே கிடந்து உறங்குவான். கடைசியில் பெரியம்மை திங்களாழ்ச்சை மறுபடியும் கஞ்சி குடிப்பாள். பாட்டு முதலிலிருந்து ஓடும். அதற்கு முடிவே கிடையாது.

அந்தப் பாட்டு ஓடின ஓட்டத்தை இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பஸ்ஸில் அது. டீக்கடையில் அது. பாலராமபுரத்தில் தறிக்காரர்கள் அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் மிதிக்கிறார்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே ஹெட்மாஸ்டரிடம் போய், தலையைச் சொறிந்துகொண்டு, "பெரியம்மை" என்று மட்டும் சொன்னாராம். எங்கள் சபை மூப்பர் ஒருவர் ஜெபக்கூட்டத்தில் எழும்பி, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவர் ஒருவர்தான் உண்டு, இவளும் வாராவாரம் மூன்றாம் நாள் எழும்புகிறாள், இது துர்உபதேசம் என்று கண்டித்தார். அவர் உட்கார்ந்த பிறகு பின்னால் யாரோ அந்தப் பாட்டை முனகினார்கள். மூப்பரின் கால்விரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

கஷ்டம் என்னவென்றால், அதற்குப் பிறகு யாருக்கும் சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. உள்ளபடியே சாவு விழுந்தாலும் மேஸ்திரி நம்ப மாட்டார். சித்தப்பா, அத்தை, மச்சினன் என்று எல்லா உறவையும் சாகடித்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அமரவிளைக்காரி மட்டும் பாட்டு வந்த புதிதில் பெரியம்மை செத்தாள் என்று கண்ணீர் விட்டு லீவு வாங்கினாள். அடுத்த திங்கட்கிழமை அவளுடைய பெரியம்மை கருவாட்டுக் கூடையோடு ஆபீஸ் வாசலுக்கே வந்து, மேஸ்திரிக்கு வாளைக் கருவாடு விற்றுவிட்டு, "எங்க பிள்ளே நல்லா வேலை செய்யுதாளா?" என்றும் கேட்டுவிட்டுப் போனாள். மேஸ்திரி கருவாட்டைக் கையில் பிடித்துக்கொண்டே செட்டுக்குள் வந்தார்.

"எட்டி, உனக்கு எத்தனை பெரியம்மை?"

"செத்தது வேற பெரியம்மையாக்கும் அண்ணா," என்றாள் அமரவிளைக்காரி.

அன்றைக்கு மேஸ்திரி சட்டம் போட்டார். "கேட்டுக்கிடுங்க எல்லாரும். இனி சனியாழ்ச்சை ஆரும் சாகப்பிடாது. சனியாழ்ச்சை வராதவ திங்களாழ்ச்சையும் வரவேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்தச் செட்டில் உள்ளபடியே திருப்புறத்தில் பெரியம்மை இருந்தவள் நான் ஒருத்திதான்.

என் அம்மை நான் நடக்கப் பழகுமுன்னே போய்விட்டாள். அம்மையின் அக்காள்தான் என்னை வளர்த்துப் பாறசாலைப் பக்கம் கட்டிக்கொடுத்தது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருப்புறத்தில் சின்னதாக ஒரு வீடு, ஒரு பசு, தேங்காய்த்தொண்டு நாரைத் திரித்துக் கயிறு பிரிக்கிற வேலை, அவ்வளவுதான் அவளுக்கு. நான் பேசாத பேச்சையெல்லாம் எனக்கும் சேர்த்துப் பேசித் தீர்க்கிறவள். டீக்கடை ரேடியோசெட்டில் அந்தப் பாட்டை முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த தொண்டுக்கயிற்றோடு நேரே கடைக்குள் போய்விட்டாளாம்.

"எலே, ஆரெலே என்னெக் கொல்லுதது?"

கடைக்காரன் பயந்துபோனான். "அது பாட்டாக்கும் பெரியம்மா."

"பாட்டானா? இந்த ஊர்ல பெரியம்மைன்னா நான்தான். எனக்கு விக்கல் வந்தது கிடையாது. மாத்திப் பாடச் சொல்லு."

"கேசட்டை எப்பிடி மாத்த?"

"அப்போ சத்தத்தைக் கூட்டி வை. இன்னும் என்னெல்லாம் சொல்லுதான்னு கேக்கட்டு."

கேட்டு முடித்தவளுக்குப் பாட்டுப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு சனிக்கிழமை யாராவது கடனாகப் பால் கேட்டால், "இன்னைக்கு நான் இல்லியே மக்கா, திங்களாழ்ச்சை எழும்பினதும் வா" என்பாள்.

இந்த இடத்தில் கோயில்குட்டியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்புறத்துச் சபையில் மணியடித்து, கோயிலைப் பெருக்கி, பூட்டுகிறவர். மனைவி இறந்து, பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய், தனியாக இருந்தார். என்னைப் போலவே பேச்சு வராத மனுஷன். வருஷக்கணக்காகப் பெரியம்மையிடம் பால் வாங்கியும், "பால்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசினதில்லை. ஒரு சனிக்கிழமை பாத்திரத்தோடு வந்து, பாலை வாங்கின பிறகும் போகாமல் நின்றிருக்கிறார்.

"என்ன, அளவு குறைஞ்சு போச்சா?" என்று பெரியம்மை கேட்டிருக்கிறாள்.

"இல்ல. நீங்க சனியாழ்ச்சைதோறும் செத்துட்டே இருக்கீங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. உள்ளதாட்டு ஒருநாள் செத்துட்டா அந்தச் சாவுமணியை நான் எப்பிடி அடிக்க? என்னால ஏலாது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"கல்யாணம் கெட்டிக்கிடலாமா?"

"கெட்டிக்கிட்டா சாகமாட்டேனா?"

"சாவீங்க. ஆனா சாவு வீட்டுக்காரன் மணி அடிக்க வேண்டாம்லா. வேற ஆளை விடுவாங்க."

பெரியம்மை இதை என்னிடம் சொல்லும்போது பசுவின் மடியில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, அந்த ஆளுக்குப் புத்தி உண்டு" என்றாள். அறுபது தாண்டினவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வெட்கம் என்னுடைய சொத்து என்றல்லவா நினைத்திருந்தேன்.

கல்யாணம் சனிக்கிழமை காலை. எங்கள் போதகருக்கு நாலைந்து சபை. அவருக்கு அந்த ஒரு நாள்தான் ஒழிவு. சபையில் அறிவிப்பும் வாசித்தாகிவிட்டது. எங்கள் சபை வழக்கத்தில், தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் நின்று முக்காட்டையும் முடியையும் தூக்கிப் பிடிக்கப் பெண்ணின் குடும்பத்தில் ஒருத்தி வேண்டும். பெரியம்மைக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை.

"வேற ஆரு கையும் என் பிடரியில படப்பிடாது," என்று பெரியம்மை சொன்னாள். "நீ வரலேன்னா நான் கோயில்லேந்து எறங்கி வீட்டுக்குப் போயிருவேன் மக்கா. சத்தியமாட்டு."

அவள் போய்விடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லீவு கிடைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. சொல்லாமல் போனால் வேலை போகும். நானோ அந்த ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "பெரியம்மை" என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது? "அம்மைக்க அக்காள்" என்று சொல்லலாம். "திருப்புறம்" என்பதை விழுங்கிவிடலாம். மேஸ்திரி என் வரிசைக்கு வந்தபோது எழுந்து நின்றேன். நான் எழுந்து நின்றதே ஒரு அதிசயம். செட்டு முழுவதும் பாட்டு நின்றுபோனது.

"அண்ணா, சனியாழ்ச்சை எனக்கு... ஒரு ஆளு... எங்க அம்மைக்க அக்காள்..."

"எங்க இருக்கா?" என்றார் மேஸ்திரி.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "திருப்புறம்."

முன்வரிசையில் ஒருத்தி மெதுவாக, "வெள்ளியாழ்ச்சை விக்கல் எடுத்து" என்று எடுத்தாள். வழக்கப்படி அடுத்த வரிசை அடுத்த அடியை வாங்கிவிட்டது. வரிசை வரிசையாக வந்து, என் பக்கத்தில் அமரவிளைக்காரி, "லீவு தாரும் மேஸ்திரியே" என்று தூக்கி முடித்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் பாடவில்லை. எங்கள் வரிசையின் முறை வந்தது, பாடினாள்.

மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார். "நீயுமா பிள்ளே? நீ ஒருத்தி மட்டும் ஒழுங்குன்னு நெனச்சிருந்தேனே. சரி, செத்தாச்சா, இல்ல சாகப் போறாளா?"

"சாகல்ல அண்ணா. கல்யாணம்."

"ஆருக்கு?"

"பெரியம்மைக்கு."

அந்தச் சிரிப்பில் எத்தனை முழுப்பருப்பு உடைந்ததோ தெரியாது. மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"வயசு?"

"அறுபதுக்கு மேல."

"மாப்பிள்ளைக்கு?"

"அதுக்கும் மேல."

அவர் குனிந்து என்னிடம் தனியாகப் பேசினார். "பாரு பிள்ளே, உன் முகத்தைப் பாத்தா உள்ளதுன்னுதான் தோணுது. ஆனா இதை நான் எப்பிடி நம்ப? நம்பினா இவளுக எல்லாம் நாளைக்கு அவளவ பாட்டிக்குக் கல்யாணம் வைப்பா. ஒண்ணு செய். செத்துப்போச்சுன்னு சொல்லு. அழுதுட்டுச் சொல்லு. இவளுக பாக்க நான் ஒரு தடவை நம்பித் தொலைக்கேன்."

உள்ளதைச் சொன்னால் லீவு இல்லை, பொய் சொன்னால் உண்டு. அமரவிளைக்காரி என் இடுப்பில் குத்தினாள். "சொல்லு எட்டி. பாட்டுல எத்தனை தடவை செத்தவ. ஒண்ணு கூடினா என்ன?"

முடியவில்லை. கல்யாணப் புடவை எடுத்து வைத்திருக்கிற மனுஷியைச் செத்தாள் என்று எப்படி வாய்விட்டுச் சொல்ல? உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு என் கண்ணீர் விழுந்த பருப்பெல்லாம் உப்புப் போட்ட பருப்பாகத்தான் பெட்டிக்குள் போயிருக்கும்.

சாயங்காலம் திருப்புறத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் அந்தப் பாட்டு ஓடியது. பெரியம்மை நான் சொன்னதை முழுவதும் கேட்டாள், கயிற்றைக் கீழே வைத்தாள்.

"நீ அழாதே. நாளைக்கு நான் வாறேன்."

வெள்ளிக்கிழமை மதியம், கஞ்சி குடித்துவிட்டு வரிசையில் உட்கார்ந்த நேரத்தில், செட்டின் வாசலில் வெள்ளைப் புடவையும் குடையுமாகப் பெரியம்மை நின்றாள். அவளுக்குப் பின்னால், அவளைவிட ஒரு முழம் உயரமாக இருந்தும் அவள் முதுகில் ஒளிய முயற்சி செய்துகொண்டு கோயில்குட்டியார்.

"இங்க மேஸ்திரி ஆரு?" என்றாள் பெரியம்மை.

மேஸ்திரி முன்னால் வந்தார். "நான்தான். நீங்க?"

"நான்தான் செத்த பெரியம்மை."

பிறகு, யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, பாட்டு எழும்பியது. பெரியம்மை குடையை ஊன்றிக்கொண்டு கடைசி அடிவரை நின்று கேட்டாள். "கொள்ளாம். டீக்கடையில உள்ளதைவிட நல்லா இருக்கு" என்றாள்.

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "அம்மா, நீங்க தப்பா நெனைக்கப்பிடாது. போன மாசம் இந்த வாசல்ல செத்த பெரியம்மை ஒருத்தி கருவாடு வித்தா. ஆரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து பெரியம்மைன்னு சொல்லலாம். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"இது மாப்பிள்ளை. இதைப் பாத்தா தெரியல்லியா?" பெரியம்மை கோயில்குட்டியாரை முன்னால் இழுத்துவிட்டாள். அத்தனை பெண்களும் பார்த்ததில் அவர் வேஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பால்" என்றார். வேறு என்ன சொல்லத் தெரியும் அவருக்கு?

"நீயே வந்து பாரு மக்கா," என்றாள் பெரியம்மை மேஸ்திரியிடம். "நாலு கறியோட ஊணு உண்டு. பாயசம் உண்டு. பொய்யாயிருந்தா இவளை வேலையைவிட்டு நிறுத்து. உள்ளதாயிருந்தா ரெண்டாம் பாயசம் குடி."

"சனியாழ்ச்சை நான் எப்பிடி வர?"

"லீவு கேளு."

செட்டு மொத்தமும் ஒரே குரலாக, "லீவு தாரும் மேஸ்திரியே" என்று பாடியது. மேஸ்திரி காது சிவந்து, "சரி, சரி. நாளைக்கு நான் அங்க நிப்பேன். நீ போ பிள்ளே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மானேஜரிடம் தனக்கு லீவு கேட்கப் போனார்.

அங்கே நடந்ததைத் தட்டு எடுக்கப் போன அமரவிளைக்காரி ஜன்னல் வழியாகக் கேட்டுவந்து சொன்னாள். மானேஜர் கொல்லத்துக்கு வடக்கே உள்ள மலையாளி. தமிழ்ப் பாட்டெல்லாம் அவர் காதில் விழாது. மேஸ்திரி ஒருநாளும் லீவு கேளாதவர் ஆனதால் என்ன காரியம் என்று விசாரித்திருக்கிறார். திருப்புறத்தில் பெரியம்மைக்கு என்று தொடங்கின மேஸ்திரிக்கு, கல்யாணம் என்ற வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது. அறுபது வயதுக் கிழவியின் கல்யாணத்துக்கு ஆபீஸ் வேலையை விட்டுப் போகிறேன் என்று எந்த மேஸ்திரி சொல்லுவார்?

"பெரியம்மைக்கு எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்று என்பதைத் தன் மலையாளத்தில், மானேஜர் கேட்டாராம்.

"செத்துப்போச்சு, சார்."

மானேஜர் நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டார். "அய்யோ! எப்போழா?"

"நாளைக்கு, சார்."

அடக்கம் நாளைக்கு என்று மானேஜர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. கோயில்குட்டியார் தன் கல்யாணத்துக்குத் தானே மணியடித்தார், வேறு யாருக்கும் அந்தக் கயிறு வசப்படாது. அடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாப்பிள்ளையாக நின்றார். நான் பெரியம்மைக்குப் பின்னால் நின்றேன். பாலராமபுரம் புடவை புதிது, தலையில் நிற்காமல் வழுக்கியது. முக்காட்டையும் நரைத்த முடியையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தபோது, என் கையின் கீழே அவள் பிடரி நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைச் சீவி முடித்துப் பள்ளிக்கு விட்டவள். அத்தனை பேருக்கு முன்னால் நிற்கிறேனே என்ற கூச்சம் எனக்கு அப்போது வரவில்லை. கடைசிப் பாயில் மேஸ்திரி எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், தாலி உள்ளபடியே கட்டுகிறார்களா என்று. கட்டினதும் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பெரியம்மை வீட்டுப் பந்தலில் ஊண் பரிமாறத் தொடங்கின நேரத்தில் ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டது. எங்கள் ஆபீஸ் லாரி. பின்னால் எங்கள் செட்டுப் பெண்கள் அத்தனை பேரும். நடுவில், சக்கரம்போல வளைத்துக் கட்டின பெரிய பூவளையம், எங்கள் பக்கம் ரீத்து என்று சொல்லுகிறது, சாவுக்கு வைக்கிறது. அதை அமரவிளைக்காரி கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

மானேஜர் நல்ல மனுஷன். அதுதான் எங்களுக்கு வந்த ஆபத்து. காலையில் செட்டுக்கு வந்து, மேஸ்திரியின் வீட்டுத் துக்கத்துக்காக எல்லாரையும் எழுப்பி ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொல்லியிருக்கிறார். பெண்கள் தோர்த்துத் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தோள் குலுங்கினதைப் பார்த்து அழுகிறார்கள் என்று மனமிரங்கி, அரைநாள் லீவும் லாரியும் ரீத்தும் கொடுத்து அடக்கத்துக்கு அனுப்பிவிட்டார். ஆபீஸ் கேட்டைத் தாண்டுகிறவரைதான் அழுகை. அதற்குப் பிறகு திருப்புறம் வரைக்கும் பாட்டு.

லாரி டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. இறங்கி, பந்தலையும் மைக்செட்டையும் பார்த்துவிட்டு, "சாவு எந்த வீட்டுல?" என்று சத்தமாகக் கேட்டான். மைக்செட்டுக்காரன் கையில் அந்த நேரத்துக்கு அகப்பட்டது எந்தக் கேசட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மை சனியாழ்ச்சை செத்துப் போனாள் என்று அது பாடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இலையைவிட்டு எழும்பி மாட்டுத்தொழுவத்துக்குள் போய்விட்டார்.

பெரியம்மை மாலையோடு எழுந்து நின்றாள். "செத்தது நான்தான் மக்கா. அதை இங்கோட்டு கொண்டா."

டிரைவர் ரீத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, லாரியில் சாய்ந்து ஒரு பீடி பற்றவைத்தான்.

வந்தவர்களுக்கெல்லாம் சோறு போதவில்லை. அக்கம்பக்கத்தில் மரச்சீனி அவித்துக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அமரவிளைக்காரி எல்லாரையும் லாரியில் ஏற்றிப் பூவாற்றுக்குக் கொண்டுபோனாள். பாட்டில் வருகிறபடியே எல்லாம் நடக்க வேண்டுமாம். ரீத்தைத் தொழுவத்தில் சாய்த்து வைத்திருந்தோம். அந்திக்குள் பசு அதைத் தின்றுவிட்டது.

திங்கட்கிழமை நாங்கள் எல்லாரும் துக்க முகத்தோடு வேலைக்குப் போனோம். மானேஜர் மேஸ்திரியின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். ஆபீஸைப் பொறுத்தவரை பெரியம்மை அன்றைக்குச் செத்தவள்தான்.

பெரியம்மையும் கோயில்குட்டியாரும் சில வருஷம் சேர்ந்து இருந்தார்கள். அவர் அதற்குள் "பால்" தவிர இன்னும் சில வார்த்தை பேசப் பழகியிருந்தார். பாட்டு பழசாகி, வேறு கேசட் வந்தது. தொண்ணூறுகள் முடிகிற சமயம், ஒரு புதன்கிழமை, வேலைக்கு இறங்கின என்னிடம் ஆள் வந்து சொன்னது. விக்கல் ஒன்றும் இல்லை. கயிறு பிரித்துக்கொண்டு இருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

ஆபீஸ் வழியில்தான் திருப்புறம் பஸ். ஓடிப்போய் மேஸ்திரியிடம் நின்றேன். "அண்ணா, பெரியம்மை போயிட்டா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னைக்குப் புதனாழ்ச்சை," என்றார் மெதுவாக. "அப்போ உள்ளதாக்கும்." தலையிலிருந்த தோர்த்தை எடுத்தார். செட்டில் ஒருத்தியும் பாடவில்லை.

தோர்த்தை மடித்துக்கொண்டே மேஸ்திரி சொன்னார்: "பிள்ளே, ஒரு சங்கடம் உண்டு. மானேஜர்கிட்ட என்ன சொல்ல? அவரு கணக்குல திருப்புறத்துப் பெரியம்மை செத்தாச்சே. ரீத்தும் வச்சாச்சு. இன்னொரு தடவை சாக முடியாதுல்லா."

"நீங்க என்னமும் சொல்லுங்க அண்ணா."

அவர் ஆபீஸுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம். முகம் அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் இருந்தது.

"குடும்பத்துல ஒரு கல்யாணம்னு சொல்லிட்டேன். சந்தோஷமாட்டுப் போய்ட்டு வரச் சொன்னாரு. இது அவருக்க வகை."

பொட்டலத்தில் முழுப்பருப்பு, முதல் தரம். எத்தனையோ வருஷம் தொலி உரித்தும் நாங்கள் ஒருநாளும் வாயில் போடாதது. அதை மடியில் கட்டிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன்.

கோயில்குட்டியார் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார். சாவுமணி இன்னும் ஒழுங்காக அடித்திருக்கவில்லை. பெண் கேட்ட அன்றைக்கு அவர் சொன்னபடியே வேறு ஒரு ஆளைத்தான் விட்டிருக்கிறார்கள். அவன் கயிற்றைப் பிடித்து இழுத்ததில் கல்யாண மணி மாதிரி தாறுமாறாக அடித்து, ஊரெல்லாம் வெளியே வந்து பார்க்க, நிறுத்திவிட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து பட்டினி என்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் இரண்டு பருப்பு வைத்தேன். வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"கொள்ளாம்," என்றார். "இது எதுக்காக்கும்?"

"உங்க கல்யாணத்துக்கு, மானேஜர் தந்தது."

அவர் பெரியம்மையைப் பார்த்தார். "கேட்டியா?" என்றார் அவளிடம். பிறகு எழும்பி, "அவனுக்கு அந்தக் கயிறு வசப்படாது" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நிறைய நேரம் விட்டு, ஒழுங்காக, அவர்தான் அடித்தார். கை தளரும்போது கயிற்றின் கீழ்நுனியை நான் பிடித்துக்கொண்டேன்.

இதில் தப்பு இருக்கும். பாட்டின் இரண்டாவது அடி செவ்வாயாழ்ச்சை சந்தைக்குப் போனதா, புதனாழ்ச்சை போனதா என்று எனக்கு உறுதியில்லை. பெரியம்மை போனது புதன்கிழமைதான் என்று நினைக்கிறேன், அதையும் சபைப் பதிவில் யாராவது பார்த்தால் கொள்ளாம். அந்தக் கேசட் யார் வீட்டிலாவது கிடந்தால் ஒரு தடவை போட்டுக் கேட்டு, தப்பைத் திருத்தித் தரவேண்டும். அமரவிளைக்காரியிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவள் வேறு பெரியம்மை என்பாள்.